'இன்ட்ரஸ்ட்' என்றால் ஆர்வமா, வட்டியா, பாத்தியமா?

கேள்வி: ஈரோடு பக்கத்தில் ஒரு தனியார் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் சேர்ந்து சில மாதம் ஆகிறது. பி.காம். படித்தவன், பள்ளிக்கூடம் முழுக்கத் தமிழ் வழி. போன வாரம் ஹெச்.ஆரில் ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். எங்களுக்குச் சரக்கு சப்ளை செய்யும் கம்பெனிகளின் பட்டியலைப் போட்டு, இதில் எதிலாவது உங்களுக்கோ உங்கள் குடும்பத்தாருக்கோ 'இன்ட்ரஸ்ட்' இருக்கிறதா என்று கேட்டிருந்தது. வேலையில் ஆர்வம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் போல என்று நினைத்து, 'யெஸ், ஐ ஹேவ் வெரி மச் இன்ட்ரஸ்ட் இன் ஆல் தி கம்பெனீஸ்' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் அதை எல்லார் முன்னாலும் படித்துக் காட்டிச் சிரித்தார். டிக்ஷனரியைப் பார்த்தால் ஆர்வம், வட்டி, நலன், அக்கறை, பங்கு என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. எந்த இடத்தில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
பின்குறிப்பு: அந்தப் பட்டியலில் உள்ள அட்டைப்பெட்டி கம்பெனியில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பார்ட்னர். அதுவும் இதில் வருமா?

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்திலேயே பெரிய விஷயம் பின்குறிப்பில்தான் இருக்கிறது, அதைக் கடைசியில் போட்டிருக்கிறீர்கள். வரும். கண்டிப்பாக வரும். அந்த ஃபாரமே அதற்காகத்தான். என்ன எழுத வேண்டும் என்று முடிவில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் அடுத்த ஃபாரத்திலும் இதே சொல் வேறு வேஷத்தில் வந்து நிற்கும்.

மேனேஜர் சிரித்ததை விடுங்கள். புதிதாக வந்த பையனை நாலு பேர் முன்னால் வைத்துச் சிரிப்பதற்கு ஆங்கிலப் புலமை எதுவும் வேண்டியதில்லை. அப்புறம், நீங்கள் எழுதிய வாக்கியத்தில் பெரிய இலக்கணப் பிழையும் இல்லை. 'வெரி மச் இன்ட்ரஸ்ட்' என்பதை 'எ லாட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்று மாற்றினால் ஆங்கிலமாக அது சரிதான். கேட்ட கேள்விக்குப் பதிலாகத்தான் அது விபரீதமாகிவிட்டது. 'சப்ளை செய்கிற எல்லாக் கம்பெனியிலும் எனக்குப் பங்கு உண்டு' என்று பர்ச்சேஸ் ஆள் ஒருவர் எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது இல்லை. இந்தச் சொல் ஏற்கெனவே நம் பேச்சுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதுதான் காரணம். 'படிப்பில் இன்ட்ரஸ்டே இல்லை', 'பையன் கிரிக்கெட்டில் ரொம்ப இன்ட்ரஸ்ட்' என்று ஆங்கிலம் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்காதவர்களும் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் இணையதளங்களில் 'இன்ட்ரஸ்ட் அனுப்பியிருக்கிறார்கள்' என்றே பேச்சு வந்துவிட்டது. நாம் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு பொருளைத்தான், ஆர்வம் என்கிற பொருளை. அது தமிழில் நன்றாகப் பழகிவிட்டதால், ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கண்டவுடன் அதுதான் முந்திக்கொண்டு வருகிறது. தெரியாத சொல் என்றால் டிக்ஷனரியைப் புரட்டியிருப்பீர்கள். தெரிந்த சொல் என்பதால்தான் புரட்டவில்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு ஆர்வம் என்கிற பொருள்தான் கடைசியாக வந்து சேர்ந்தது, ஏறத்தாழ 18ஆம் நூற்றாண்டில். அதற்கு மிக முன்பே சொத்திலும் வியாபாரத்திலும் ஒருவருக்கு இருக்கும் உரிமை, சம்பந்தம் என்கிற பொருள் இருந்தது. மூலம் லத்தீன், 'இன்டரெஸ்ஸே' என்ற வினை. நடுவில் இருப்பது, சம்பந்தப்பட்டிருப்பது, ஒருவரைப் பாதிப்பது என்றெல்லாம் அதற்குப் பொருள். ஒரு காரியம் நன்றாக நடந்தாலோ கெட்டுப்போனாலோ எனக்கு ஏதோ ஒரு விதத்தில் லாபமோ நட்டமோ உண்டு என்றால் எனக்கு அதில் 'இன்ட்ரஸ்ட்' இருக்கிறது. அது என் மனசுக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பது வேறு கதை.

வட்டியும் இதிலிருந்துதான் வந்தது. இடைக்கால ஐரோப்பாவில் கடனுக்கு வட்டி வாங்குவதைக் கிறிஸ்தவத் திருச்சபை பாவம் என்று தடுத்திருந்தது. ஆனால் சொன்ன தேதியில் கடனைத் திருப்பாததால் கொடுத்தவருக்கு ஏற்பட்ட நட்டத்துக்கு ஈடு கேட்கலாம், அதில் தப்பில்லை என்றார்கள். அந்த நட்ட ஈட்டுக்குப் பெயர்தான் இன்டரெஸ்ஸே. தடை செய்த வட்டிக்கு ஒரு பெயர், அனுமதித்த வட்டிக்கு இன்னொரு பெயர், மனுஷன் எந்தக் காலத்திலும் கெட்டிக்காரன்தான். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1545இல் நூற்றுக்குப் 10 வரைக்கும் வாங்கலாம் என்று சட்டமே போட்டார், 1552இல் அதை ரத்து செய்தார்கள், 1571இல் எலிசபெத் ராணி காலத்தில் மறுபடியும் கொண்டுவந்தார்கள்.

உங்கள் ஃபாரத்தில் வந்த பொருளுக்கு நம்மிடம் அருமையான ஒரு சொல் இருக்கிறது, நீங்கள் பார்த்த டிக்ஷனரி வரிசையில்தான் அது இல்லை. பழைய கிரயப் பத்திரங்களில் பார்த்திருப்பீர்கள், 'இனிமேல் மேற்படி சொத்தில் எனக்கு யாதொரு பாத்தியமும் சம்பந்தமும் இல்லை' என்று எழுதியிருக்கும். அந்தப் பாத்தியமும் சம்பந்தமும்தான் இந்த இன்ட்ரஸ்ட். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு அடமானத்தை விளக்குகிறபோது, கடனுக்கு ஈடாகக் குறிப்பிட்ட அசையாச் சொத்தில் உள்ள ஓர் இன்ட்ரஸ்டை மாற்றிக் கொடுப்பது என்றுதான் சொல்கிறது. அங்கே போய் ஆர்வம் என்று படித்தால் கதை கந்தல். அதே சட்டத்தின் 19ஆம் பிரிவில் 'வெஸ்டட் இன்ட்ரஸ்ட்' வருகிறது. பத்திரிகையில் இந்தத் தொடரைப் படிக்கும்போது சொந்த ஆதாயத்துக்காகத் திரை மறைவில் வேலை பார்ப்பவர்கள் என்கிற வசைதான் நமக்குத் தோன்றும். சட்டத்தில் அது வசையே இல்லை. ஒருவருக்கு உறுதியாகச் சேர்ந்துவிட்ட உரிமை, அவ்வளவுதான், பச்சைக் குழந்தைக்குக்கூட அது இருக்கலாம்.

இன்சூரன்ஸிலும் இதே பொருள்தான். 'இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட்' என்பார்கள். உங்கள் வீட்டுக்கு நீங்கள் பாலிசி எடுக்கலாம், பக்கத்து வீட்டுக்கு எடுக்க முடியாது, ஏனென்றால் அது எரிந்தால் உங்களுக்கு நட்டம் இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் முன்பின் தெரியாத ஆளின் உயிர் மேல் பாலிசி எடுத்து, அவர் எப்போது சாவார் என்று பந்தயம் கட்டுவதுபோல் காத்திருந்தார்கள். அதை நிறுத்த 1774இல் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நீளமான பெயரிலேயே, பாலிசி எடுப்பவருக்குக் காப்பீடு செய்யப்படுபவரின் 'வாழ்விலோ சாவிலோ' இன்ட்ரஸ்ட் இருக்க வேண்டும் என்று வருகிறது. இதை ஆர்வம் என்று படித்துப் பாருங்கள், சட்டம் கொலைகாரனுக்கு லைசென்ஸ் கொடுப்பதுபோல் ஆகிவிடும்! அவர் போய்விட்டால் நட்டப்படப் போகிறவர் என்பதுதான் அங்கே பொருள்.

கிரிக்கெட் பிடிக்கும் என்றால் இன்னொன்று சொல்கிறேன், உங்கள் ஃபாரத்துக்கு இது ரொம்பப் பக்கம். பி.சி.சி.ஐ. விதிகளில் 6.2.4 என்று ஒன்று இருந்தது. வாரியம் நடத்தும் போட்டிகளில் நிர்வாகிகளுக்கு நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இன்ட்ரஸ்ட் இருக்கக் கூடாது என்பது விதி. 2008இல் அதைத் திருத்தி ஐ.பி.எல்.லுக்கு விலக்குக் கொடுத்தார்கள். வாரிய நிர்வாகத்தில் இருந்த என். சீனிவாசன் தலைமையில் இயங்கிய இந்தியா சிமென்ட்ஸ், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் உரிமையாளராகத் தொடர முடிந்தது அதனால்தான். 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாது என்று அடித்துவிட்டது. 'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்ட்ரஸ்ட்' என்ற தொடர் அப்போது டீக்கடை வரைக்கும் வந்தது. நிர்வாகிக்குக் கிரிக்கெட்டில் ஆர்வம் இருந்ததை யாரும் குற்றம் சொல்லவில்லை. ஒரே ஆள் விதி போடும் இடத்திலும் லாபம் பார்க்கும் இடத்திலும் நிற்கலாமா என்பதுதான் கேள்வி. உங்கள் ஹெச்.ஆர். உங்களிடம் கேட்டதும் அதேதான், அளவுதான் சின்னது. கம்பெனி டைரக்டர்களுக்கு இது சட்டமாகவே இருக்கிறது. 2013ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தின் 184ஆம் பிரிவுப்படி, மற்ற நிறுவனங்களில் தங்களுக்கு இருக்கும் சம்பந்தத்தை அவர்கள் போர்டு மீட்டிங்கில் சொல்லியாக வேண்டும்.

சரி, படிக்கும்போது எது எது என்று எப்படிப் பிடிப்பது? பொருள் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், அது வேலைக்கு ஆகாது. இந்தச் சொல் தனியாக வரவே வராது. முன்னால் ஒரு வினை, பின்னால் ஒரு குட்டிச் சொல், இரண்டையும் பாருங்கள். சார்ஜ், பே, ஏர்ன் என்ற வினைகள் வந்தால் வட்டி, யோசிக்கவே வேண்டாம். 2003இல் தமிழ்நாட்டில் வந்த கந்துவட்டித் தடைச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் 'சார்ஜிங் எக்ஸார்பிட்டன்ட் இன்ட்ரஸ்ட்' என்று இருக்கும். வட்டிக்குப் பின்னால் பெரும்பாலும் 'ஆன்' வரும், 'இன்ட்ரஸ்ட் ஆன் தி லோன்' என்கிற மாதிரி. டேக், ஷோ, லூஸ் வந்தால் ஆர்வம் அல்லது அக்கறை. ஹோல்ட், ஹேவ், டிக்ளேர், டிஸ்க்ளோஸ் வந்து, பின்னால் 'இன்' போட்டு ஒரு கம்பெனியோ சொத்தோ வந்தால் பாத்தியம். இதில் 'ஹேவ்' மட்டும் இரண்டு பக்கமும் போகும், அதுதான் உங்களைக் கவிழ்த்தது. அப்படி வந்தால் கேட்பது யார் என்று பாருங்கள். இன்டர்வியூவில் கேட்டால் ஆர்வம். வக்கீலோ ஆடிட்டரோ ஹெச்.ஆரோ காகிதத்தில் கேட்டுக் கையெழுத்தும் வாங்கினால் பாத்தியம்.

கடைசியில் 'ஸ்' சேர்ந்து 'இன்ட்ரஸ்ட்ஸ்' என்று பன்மையாக வந்துவிட்டால் வட்டியைக் கழித்துவிடுங்கள், வட்டிக்குப் பன்மை கிடையாது. பயோடேட்டாவில் வந்தால் பொழுதுபோக்குகள், ஒரு தொழிலதிபருக்கு வெளிநாட்டில் 'பிசினஸ் இன்ட்ரஸ்ட்ஸ்' என்று செய்தியில் வந்தால் அவருக்கு அங்கே தொழில்கள் இருக்கின்றன என்று அர்த்தம், மற்றபடி பெரும்பாலும் நலன்கள்.

நலன் என்ற பொருளுக்கு ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை, அதைத் தினமும் தமிழிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறோம். 'பயணிகளின் நலன் கருதி', 'பாதுகாப்பு கருதி' என்று அறிவிப்பில் வரும் அந்தக் 'கருதி'தான் ஆங்கிலத்தில் 'இன் தி இன்ட்ரஸ்ட் ஆஃப்'. 'பப்ளிக் இன்ட்ரஸ்ட் லிட்டிகேஷன்' பொதுநல வழக்கு ஆனதும் இந்த வழியில்தான்.

அப்புறம் வங்கிக்காரர்கள் செய்யும் ஒரு குழப்பம். கடன் பேப்பரில் 'ஆர்.ஓ.ஐ.' என்று போட்டிருந்தால் அது 'ரேட் ஆஃப் இன்ட்ரஸ்ட்', வட்டி விகிதம். அதே மூன்றெழுத்து உங்கள் கம்பெனி மார்க்கெட்டிங் மீட்டிங்கில் வந்தால் போட்ட முதலுக்கு வந்த லாபம். ஒன்று உங்களிடமிருந்து போவது, இன்னொன்று உங்களிடம் வருவது.

நீங்கள் எழுதும்போது, பேசும்போது கவனிக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்கள் அதிகம் செய்யும் தவறு 'ஐ ஹேவ் இன்ட்ரஸ்ட் டு லேர்ன்'. 'கற்க ஆர்வம்' என்று தமிழில் யோசித்து அப்படியே இறக்கிவிடுகிறோம். 'இன்ட்ரஸ்ட் இன் லேர்னிங்' என்பதுதான் வழக்கு. பேச்சில் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு 'ஐ ஆம் இன்ட்ரஸ்டட் இன்' என்று சொன்னால் இன்னும் இயல்பாக இருக்கும். அதை மட்டும் 'ஐ ஆம் இன்ட்ரஸ்டிங்' என்று ஆக்கிவிடாதீர்கள், 'நான் சுவாரஸ்யமான ஆள்' என்று உங்களை நீங்களே புகழ்ந்துகொண்டதாக ஆகும். உச்சரிப்புக்கு 'இன்' மேல் அழுத்தம் கொடுங்கள், மீதியை வேகமாக முடித்துவிடுங்கள்.

எதிர்ச்சொல்லில் ஒரு பள்ளம் இருக்கிறது, ஜாக்கிரதை. 'அன்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வம் இல்லாதவர். 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் சொந்த ஆதாயம் இல்லாதவர், அதாவது பாரபட்சம் பார்க்காதவர். நீதிபதி இரண்டாவதாக இருக்க வேண்டும், முதலாவதாக இருந்தால் வழக்கு நடக்கும்போது தூங்கிவிடுவார். இங்கிலீஷ்காரர்களே இப்போது இரண்டையும் கலந்து கட்டித்தான் எழுதுகிறார்கள், ஆனாலும் ஆபீஸ் காகிதத்தில் பிரித்தே எழுதுங்கள். கோர்ட் செய்தியில் 'இன்ட்ரஸ்டட் விட்னஸ்' என்று வந்தாலும் சாட்சி சொல்ல ஆசைப்பட்டு ஓடி வந்தவர் என்று நினைக்க வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தண்டனை கிடைப்பதில் தனக்கென்று ஏதோ ஒரு லாபமோ பகையோ உள்ள சாட்சி அவர்.

இத்தனையிலும் ஒரே ஒரு இடத்தில் ஆங்கிலமும் தமிழும் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன. ஒருவன் அடித்த அடியை அதைவிடப் பலமாகத் திருப்பிக் கொடுத்தால் 'ரிட்டர்ன்ட் இட் வித் இன்ட்ரஸ்ட்' என்பார்கள். நாம் 'வட்டியும் முதலுமாக' என்கிறோம். மேனேஜர் விஷயத்தில் இதைச் செய்துபார்க்க வேண்டாம்.

இனி உங்கள் ஃபாரம். முதல் வேலையாக ஹெச்.ஆரிடம் போய், கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், புது ஃபாரம் வேண்டும் என்று கேளுங்கள். பழையதிலேயே அடித்துத் திருத்தாதீர்கள். புது ஃபாரம் கிடைத்ததும் அதில் குடும்பத்தார் என்றால் யார் யார் என்று விளக்கம் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் உறவினர் பட்டியலில் அண்ணன் தம்பியும் அக்கா தங்கையும் உண்டு, அக்கா வீட்டுக்காரர் கிடையாது. ஆனால் அதை வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று விதி வைத்திருக்கும், அது சட்டத்தைவிட அகலமாகவும் இருக்கலாம். அதோடு பார்ட்னர்ஷிப் பத்திரத்தில் அக்கா பெயரும் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுவிடுங்கள். வீட்டுப் பெண்களின் பெயரைப் பார்ட்னராகச் சேர்த்து வைப்பது நம் பக்கம் சகஜம், பல நேரம் அவர்களுக்கே அது ஞாபகம் இருக்காது. இருந்தால் கேள்விக்கே இடமில்லை, அக்கா சட்டத்தின் பட்டியலிலேயே வருகிறார்.

எழுதும்போது அந்த இன்ட்ரஸ்ட் என்ற சொல்லைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம், நேராக எழுதுங்கள். 'மை சிஸ்டர்ஸ் ஹஸ்பண்ட் இஸ் எ பார்ட்னர் இன்' என்று போட்டு அந்த அட்டைப்பெட்டி கம்பெனியின் பெயர். அடுத்த வரியில் 'ஐ ஹேவ் நோ ஷேர் இன் இட்', உண்மையிலேயே உங்களுக்குப் பங்கு இல்லை என்றால் மட்டும். பட்டியலில் உள்ள மற்ற கம்பெனிகளுக்கு 'நோ'. அக்கா வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிறகு யாராவது போன் செய்து விசாரித்தால் அவருக்கு மனக்கஷ்டம் வரக் கூடாது. ஆர்டர் போய்விடுமோ என்று பயப்படுவார். பெரும்பாலும் போகாது, அந்தக் கொட்டேஷனை வேறு ஒருவர் பார்க்கட்டும் என்பதோடு முடித்துக்கொள்வார்கள். மறைத்து வைத்துப் பிறகு வெளியே வந்தால்தான் ஆர்டரும் போகும், உங்கள் வேலையும் போகும்.

ஹெச்.ஆர். பதில் சொல்லும் வரைக்கும் அட்டைப்பெட்டி கொட்டேஷன், பில் எதிலும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். புது ஃபாரத்துக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதில் பெற்றுக்கொண்டோம் என்று தேதியோடு கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.